650 குதிரைத்திறன் டர்போ காரை அன்றாடம் ஓட்டுவதில் இன்பம் உண்டா?

வாசகர் கேள்வி, ஜூன் 2

அன்றாடம் ஓட்டுவதற்கு, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ பொருத்திய இன்றைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் போல ஏற்ற வேகக் கார் இதற்கு முன் இருந்ததே இல்லை என்பது என் கருத்து. போர்ஷே 911 டர்போ எஸ் 2020-இல் வந்தது. 650 குதிரைத்திறன். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 2.7 விநாடியில் எட்டுகிறது. அதே கார் காலையில் அலுவலகத்துக்கும் அலுங்காமல் குலுங்காமல் போய்ச் சேரும். இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுப்பவர்கள் இப்படியொரு காரை வைத்து ஓட்டியவர்களாக இருந்தால் நல்லது.

ஜூன் 2, இரவு

வைத்திருக்கிறேன், மறுக்கிறேன்.

என்னுடையது மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, கையால் மாற்றும் ஆறு கியர், 450 குதிரைத்திறன். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் ஓட்டுகிறேன். நீங்கள் சொல்லும் காரைவிட 200 குதிரைத்திறன் குறைவு. இதுவே எனக்கு அளவுக்கு மீறியதாகப் படுகிறது.

அந்த 2.7 விநாடியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி முடுக்கம் புவியீர்ப்பைவிடச் சற்றே அதிகம். கிணற்றில் போட்ட கல் கீழே விழுவதைவிட விரைவாகக் கார் முன்னால் பாய்கிறது. பிரமிப்புதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் கார் கடந்த தூரம் ஏறத்தாழ 40 மீட்டர். நாற்பது மீட்டரில் வேக வரம்பு வந்துவிடுகிறது. காலை எடுத்தே ஆக வேண்டும். எதற்காகக் காசு கொடுத்தோமோ அது தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடுகிறது.

ஜூன் 3

சமதளத்தில் ஒரு சாதாரணக் கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகத் தேவைப்படுவது சுமார் 20 குதிரைத்திறன். நேற்று எழுத மறந்தது. மீதி 630 என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசியுங்கள்.

ஜூன் 5

"வெறும் கணக்கு வேண்டாம், அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. என்னிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. சென்ற மாதம் இரண்டு வாரம், ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்த ஒவ்வொரு தடவைக்கும் வண்டியை நிறுத்திய பிறகு ஒரு கோடு போட்டு வைத்தேன். பதினான்கு நாளில் பதினோரு கோடு. ஒவ்வொன்றும் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று விநாடி. அதாவது இரண்டு வாரத்தில் என் எஞ்சின் முழுமூச்சாக உழைத்த நேரம் அரை நிமிடம். அந்தப் பதினொன்றில் நான்கு, வேண்டுமென்றே விடியற்காலை ஆளில்லாத சாலையைத் தேடிப் போய் மிதித்தவை. அவற்றைக் கழித்தால் அன்றாட ஓட்டத்தில் ஏழுதான்.

இந்தக் காருக்கு முன் என்னிடம் இருந்தது பழைய மஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, 1.6 லிட்டர், டர்போ கிடையாது, ஏறத்தாழ 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குள். அது இப்போது என் தங்கையிடம் இருக்கிறது. அதில் இந்தக் கணக்கே எடுத்திருக்க முடியாது. சிக்னலிலிருந்து கிளம்பினால் முழு மிதி. மேம்பாலம் ஏறினால் முழு மிதி. இரண்டாவது கியரை அதன் எல்லைவரை இழுத்து, மூன்றாவதுக்கு மாற்றி, அதையும் பாதிவரை இழுத்தாலும் பக்கத்தில் போகிறவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு பாட்டை முழுவதும் பாடி முடித்த நிறைவு அதில் கிடைக்கும். இப்போதைய காரில் சுருதி சேர்த்ததும் கச்சேரியை நிறுத்தச் சொல்லிவிடுகிறார்கள்.

ஜூன் 6

மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்: "உங்கள் குறை டர்போவின் மீதா, வேகத்தின் மீதா? இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள்."

குழப்பியிருக்கிறேன் என்றுதான் நினைக்கிறேன். கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

ஜூன் 9

யோசித்தேன். பழைய கதையிலிருந்தே வருகிறேன்.

எஞ்சினில் எரிந்து வெளியேறும் எக்ஸாஸ்ட் வாயுவின் வேகத்தில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிப்பது என்ற டர்போ யோசனை 1905-இல் காப்புரிமை பெற்றது. சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஷி அதற்கு உரியவர். கார்களுக்கு அது வர 1962 ஆயிற்று. பிஎம்டபிள்யூ 2002 டர்போ 1973-இலும், போர்ஷே 911 டர்போ 1975-இலும் வந்தன. அந்த முதல் 911 டர்போ மூன்று லிட்டர், 260 குதிரைத்திறன், நான்கே கியர். திணிக்கப்பட்ட காற்றில் எரிபொருள் தானாக வெடித்துவிடக் கூடாது என்பதற்காக அதன் அமுக்க விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு நசுக்கப்படுகிறது என்பதை) 6.5-க்கு இறக்கி வைத்திருந்தார்கள். அதனால் டர்போ விழித்துக்கொள்ளும் வரை அது மந்தமான எஞ்சின். விழித்ததும் ஒரே பாய்ச்சல். எஞ்சினோ பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவின் நடுவில் பாய்ச்சல் வந்து, ஓட்டுநர் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். அன்றாடக் கார் என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் சாப் நிறுவனம் 99 டர்போவைக் கொண்டுவந்தது. இரண்டு லிட்டர், 145 குதிரைத்திறன். அவர்கள் வைத்தது சிறிய டர்போ. சிறிய சக்கரம் எடை குறைவு, கொஞ்சம் வாயு வந்தாலே சுழலும். மேலே போகப்போக அழுத்தம் கூடிவிடாமல் இருக்க, மிச்ச வாயுவை ஒரு வால்வு வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். உச்சத் திறனை விட்டுக்கொடுத்து, லாரியை முந்தும்போது கிடைக்கும் இழுவையை வாங்கிக்கொண்டார்கள். டர்போவை அன்றாட ஓட்டத்துக்காகவே யோசித்துச் செய்த கார் அது.

ஆக இந்த இழையின் கேள்விக்கு இரண்டு பதில்கள் 1970-களிலேயே வந்துவிட்டன. ஜூன் 6-இல் கேட்டவர் சொன்னது சரி. என் குறை டர்போவின் மீது அல்ல.

ஜூன் 10

டர்போ தாமதம், அதாவது மிதித்ததற்கும் இழுவை வருவதற்கும் இடையே உள்ள இடைவெளி பற்றி இந்த இழையில் நடக்கும் சண்டையில் ஒரு சொல். இரண்டு வேறு விஷயங்களை ஒரே பெயரால் அழைக்கிறீர்கள். நிமிடத்துக்கு 1,200 சுற்றில் மிதித்து ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது தாமதமே அல்ல. டர்போவைச் சுழற்றும் அளவுக்கு வாயு இல்லை, அவ்வளவுதான். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் சுற்று கூடாமல் அழுத்தம் வராது. 3,000 சுற்றில் மிதித்து, அரை விநாடி கழித்து இழுத்தால் அதுதான் தாமதம். முதலாவதற்கு மருந்து கியரை ஒன்று குறைப்பது. இரண்டாவதற்கு ஓட்டுநர் கையில் மருந்து கிடையாது.

ஜூன் 13

நேற்று மழை. வட்டச் சந்திப்பிலிருந்து வெளியே வரும்போது இரண்டாவது கியர், ஸ்டியரிங் இன்னும் நேராகவில்லை, பாதி மிதிதான் மிதித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அழுத்தம் காட்டும் முள் நடுங்கி எழுந்தது, பின்பக்கம் பக்கவாட்டில் நழுவியது. கட்டுப்பாட்டுக் கருவி உடனே எஞ்சினை அடக்கி நேராக்கிவிட்டது. ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. உள்ளங்கை வியர்த்துவிட்டது.

தவறு என்னுடையது, ஈரச் சாலையில் பொறுமை வேண்டும். ஆனால் நடந்ததைத் துல்லியமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஜூன் 10 குறிப்பின் பொருளே இதில் இருக்கிறது. கேட்டதைவிட அதிகமாகவும், கேட்டதற்குச் சற்றுப் பிந்தியும் வந்தது. டர்போ இல்லாத எஞ்சினில் காலுக்கும் பின் டயருக்கும் நடுவே கயிறு கட்டியதுபோல இருக்கும். இழுத்த அளவுக்கு வரும், இழுத்த கணத்தில் வரும். என் காரில் அந்தக் கயிற்றின் நடுவே ஒரு சுருள்வில் இருக்கிறது. காய்ந்த சாலையில் அது தெரிவதில்லை.

ஜூன் 13, இரவு

"இன்றைய டர்போக்களில் தாமதமே இல்லை" என்று மூன்று பேர் எழுதிவிட்டீர்கள். மிகவும் குறைந்திருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 2006-இல் வந்த 911 டர்போவில் டர்பைனை (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் சக்கரத்தை) சுற்றியுள்ள சிறகுகளின் கோணம் ஓடும்போதே மாறும். பெட்ரோல் எஞ்சினின் எக்ஸாஸ்ட் ஆயிரம் டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கிறது. அந்தச் சூட்டில் அசையும் சிறகுகளைச் செய்தது பெரிய சாதனை. 2022-இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி எஸ்எல் 43 காரில் டர்போவின் அச்சிலேயே மின்மோட்டாரை வைத்தார்கள். 2024-இல் 911 கரேரா ஜிடிஎஸ் காரிலும் அதே வழி. வாயுவுக்காகக் காத்திருக்காமல் மோட்டாரே சுழற்றிவிடுகிறது.

இவ்வளவு பாடுபட்டு இவர்கள் துரத்துவது எதை? டர்போ இல்லாத எஞ்சினிடம் முதல் நாளிலிருந்தே இருந்த உடனடிப் பதிலைத்தான்.

ஜூன் 15

சத்தத்தைப் பற்றி யாருமே பேசவில்லை. டர்பைன் வாயுவின் ஆற்றலைப் பறிப்பதால் சத்தமும் சேர்ந்தே அடங்குகிறது. ஃபெராரி 458 இத்தாலியா 9,000 சுற்றுவரை போகும். 2015-இல் அதன் இடத்துக்கு வந்த 488 ஜிடிபி இரட்டை டர்போவுடன் 8,000-இல் நின்றது. குதிரைத்திறன் 570-இலிருந்து 670-க்கு ஏறியது. தாளில் 488 எல்லா வகையிலும் வென்றுவிட்டது. இருந்தும் 458-இன் குரலுக்காக ஏங்குகிறவர்கள் குறையவில்லை.

அதே 488-இல் இன்னொரு செய்தி. கீழ்க் கியர்களில் அதன் முழு முறுக்குவிசையையும், அதாவது சக்கரத்தைத் திருப்பும் இழுவையையும் தரமாட்டார்கள். 760 நியூட்டன் மீட்டர் முழுவதுமாகக் கிடைப்பது ஏழாவது கியரில் மட்டுமே. சுற்று ஏற ஏற இழுவையும் ஏறுவதுபோன்ற உணர்வு வேண்டும் என்பதற்காகக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். டர்போ தரக்கூடியதை எல்லாம் தந்துவிட்டால் ஓட்டுவதில் சுவை போய்விடும் என்று செய்தவர்களே உணர்ந்திருக்கிறார்கள்.

ஜூன் 19

தங்கையிடம் பேசினேன். மூன்று வாரத்துக்குக் கார்களை மாற்றிக்கொள்கிறோம். இருவரும் கோடு போடுவோம்.

ஜூன் 24

எம்எக்ஸ்-5-இல் நான்கு நாள். 63 கோடு. பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

அறுபது கிலோமீட்டர் வேகம் இதில் தொண்ணூறாகத் தெரிகிறது. சாலையை ஒட்டி உட்கார்ந்திருக்கிறோம், காற்றுச் சத்தம் காதுக்குள் வருகிறது, கியர்க் கம்பி கைக்கடக்கமாக, ஒரு விரற்கடை நகர்ந்தால் அடுத்த கியரில் விழுகிறது. என் காரில் இதற்கு நேர்மாறு: எண்பது ஐம்பதாகத் தெரியும். வேகமானியைப் பார்க்காமல் ஓட்டினால் அபராதம் நிச்சயம். வேகமான காரை நிதானமாகத் தெரியும்படி செய்து வைத்திருக்கிறார்கள்; நிதானமான காரோ வேகமாகத் தெரிகிறது. அன்றாடத்துக்கு இரண்டாவதே மேல்.

ஜூன் 27

தங்கையின் அறிக்கை, அவள் அனுப்பியபடியே:

"அண்ணா, ஒன்பது நாளில் இரண்டு கோடு. ஆனால் நீங்கள் எண்ணுவது தப்பு. முழு மிதியை எதற்காக எண்ண வேண்டும்? எனக்கு இதில் பிடித்ததே மிதிக்காமல் போவதுதான். மலைப்பாதையில் மூன்றாவது கியரைப் போட்டுவிட்டு மாற்றவே இல்லை. கால் கனத்துக்கே ஏறுகிறது. எம்எக்ஸ்-5-இல் அந்த மேட்டுக்கு எத்தனை தடவை கியர் மாற்றியிருப்பேன் தெரியுமா? நாள் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வருகிறவளுக்கு இதுதான் வேண்டும். வேகத்தடையில் அடி உரசுவது மட்டும் வேதனை. கதவும் மிக நீளம். பக்கத்து வண்டியில் இடிக்காமல் இறங்குவதற்குள் உயிர் போகிறது."

ஜூன் 28

அவள் எழுதியதை இரண்டு நாளாக மனத்தில் போட்டு உருட்டுகிறேன். ஜூன் 5 குறிப்பை நான் மிகவும் நம்பியிருந்தேன். அந்த அளவுகோலே கோணல் என்கிறாள். முழு மிதியை இன்பத்தின் அளவாக எடுத்துக்கொண்டால் சிறிய எஞ்சின்தான் எப்போதும் ஜெயிக்கும். அந்தப் போட்டிக்கு விதி எழுதியவன் நான்.

டர்போவின் அன்றாட இன்பம் மிதியின் முதல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. 2015-இல் போர்ஷே சாதாரண 911 கரேராவையும் மூன்று லிட்டர் இரட்டை டர்போவுக்கு மாற்றியபோது பலர் புலம்பினார்கள், நானும் புலம்பினேன். அதன் 450 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,700 சுற்றிலேயே தொடங்கி 5,000 வரை அப்படியே நிற்கிறது. அன்றாடம் நாம் எஞ்சினை வைத்திருப்பது பெரும்பாலும் 1,500-க்கும் 3,000-க்கும் இடையில். இன்பத்தை நாம் புழங்கும் இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். 9,000 சுற்றில் பாடும் எஞ்சின் 2,000 சுற்றில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

மலை என்றதும் ஞாபகம் வருகிறது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், சாதாரண எஞ்சின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். தங்கைக்கு அந்தப் பாதையில் இவ்வளவு வேறுபாடு தெரிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 28, சற்று நேரம் கழித்து

அதனால் கேள்வி கேட்டவர் வென்றுவிட்டார் என்று பொருளில்லை. நான் இப்போது புகழ்வது 370 குதிரைத்திறன் கரேராவை. 650-ஐ அல்ல. தங்கைக்குப் பிடித்த கால் கனத்து மிதி சாப் காரிலேயே இருந்தது, அதுவும் 145 குதிரைத்திறனில்.

ஜூலை 2

"வண்டியை நிறுத்தும் முன் டர்போ ஆற ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அடித்து ஓட்டியிருந்தால் விடுங்கள். டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது, எண்ணெய்ப் படலத்தின் மீது. எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். இப்போதைய கார்கள் பலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப் உண்டு. வீட்டுக்கு வரும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டினாலே பெரும்பாலும் போதும்.

நெரிசல் நேரத்தில் "கார் சோம்பிவிட்டது" என்று எழுதியவருக்கு: டர்போ அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குக் காற்றோட்டம் வேண்டும். வண்டி நின்று நின்று போனால் அதுவே சுட்டுவிடும், உள்ளே போகும் காற்றும் சூடாகும், எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்ளும். பழுதில்லை. சாலை திறந்து கொஞ்ச தூரம் ஓடினால் சரியாகிவிடும். வேகத்துக்காக வாங்கிய கார், நாம் அதிகம் மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் வேகத்தை இழக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூலை 4

மின்சாரக் காரைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அதில் தாமதமே இல்லை, சரி. ஆனால் 40 மீட்டரில் முடிந்துபோகும் என்ற என் முதல் குறை அதற்கும் அப்படியே பொருந்தும்.

ஜூலை 11

கார்களை மாற்றிக்கொண்டோம். மூன்று வாரம் கழித்து என் காரில் உட்கார்ந்தபோது கிளட்ச் கல்லாகக் கனத்தது. தங்கை சொன்னதைச் சோதிக்க அதே மலைப்பாதையில் ஏறினேன். மூன்றாவது கியர், 2,000 சுற்று, மிதி மூன்றில் ஒரு பங்கு. முள் மெல்ல எழுந்து ஓரிடத்தில் நின்றது. முன் கண்ணாடிக்கு அப்பால் மெல்லிய சீழ்க்கை ஒன்று தொடங்கி, வளைவில் காலை எடுத்ததும் பெருமூச்சாக அடங்கியது. மூன்று ஆண்டில் அதை நான் ஒழுங்காகக் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டி அடிவரை மிதித்துவிடுவேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது கோடு எதுவும் இல்லை. இறங்கும்போதும் இல்லை.

ஜூலை 12

கேள்வி கேட்டவர் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறார்: "அப்படியானால் நான் வாங்கலாமா, கூடாதா?"

ஓட்டிப் பார்க்கக் கொடுப்பவர்கள் விடுமுறை நாள் காலையில் காலியான சாலைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே எல்லாக் காரும் பிடிக்கும். நீங்கள் வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே சாலையில் ஒரு மணி நேரம் கேளுங்கள். அடிவரை மிதிக்காதீர்கள். மூன்றாவது கியரில் 1,500 சுற்றிலிருந்து மிதியைச் சிறிது சிறிதாக அழுத்துங்கள். கால் கேட்ட அளவுக்கு, கேட்ட கணத்தில் வருகிறதா என்று பாருங்கள். வேகத்தடையில் ஏறி இறங்குங்கள். நெருக்கமான இடத்தில் நிறுத்திக் கதவைத் திறந்து இறங்குங்கள். முடிந்தால் மழை நாளாகப் பாருங்கள்.

அதே கடையில் பாதித் திறனுள்ள காரும் நிற்கும். இறங்கிய சூட்டோடு அதையும் அதே சாலையில் ஓட்டுங்கள்.

ஜூலை 12, இரவு

என் காரை விற்கிறேனா என்று கேட்டவருக்கு: இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் மாற்றிக்கொள்வது என்று தங்கையும் நானும் பேசி வைத்திருக்கிறோம். மலைப்பாதை அவளுக்கு, எம்எக்ஸ்-5 எனக்கு.